பூஜ்யத்துக்குக் கைதட்டியவர்கள்

யார்மிலா ராய்தாரொவாவுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று அந்த நிறுவனத்தில் எல்லோரும் சொல்வார்கள். அது பொய். அவளுக்கு முட்டாள்களைத்தான் பிடிக்காது. பிராட்டிஸ்லாவாவின் மேட்டுத் தெருவில் இருந்த அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனதற்கு அவள் என்ன செய்வாள்?

முட்டாள்களுக்கெல்லாம் மூத்தவர் இயக்குநர் விளாஸ்திமில் ஹ்ருஷ்கா. அவர் அறைக் கதவில் பெயருக்கு முன்னால் நாலு பட்டம், பின்னால் மூன்று பட்டம் இருக்கும். நடுவில் ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்யூனிஸ்டுகள் ஆட்சி போனதற்குப் பிறகு அவர் கை எந்தக் கருவியின் மேலும் பட்டதாக யாருக்கும் நினைவில்லை. வெள்ளை அங்கி ஒன்று வைத்திருந்தார். தொலைக்காட்சிக்காரர்கள் வரும்போது மட்டும் அதை மாட்டிக்கொள்வார். மடிப்பு கலையாத அந்த அங்கியைப் பார்க்கும்போதெல்லாம் யார்மிலாவுக்கு நாடகக் கொட்டகைதான் ஞாபகத்துக்கு வரும்.

அவள் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தது ஒரு காந்தக் கவசம். சுருக்கமாகச் சொன்னால், குழலுக்குள் குழல். உள்ளே இருப்பது கரிய பீங்கான் மாதிரியான மீக்கடத்தி. திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைத்துவிட்டால் அது காந்தப்புலத்தை வாசற்படியிலேயே நிறுத்திவிடும். ஆனால் புலம் ஒரு அளவுக்கு மேல் போனால் அதற்கும் மூச்சு வாங்கும். அதனால் வெளியே நிக்கல் கலந்த ஒரு மெல்லிய இரும்பு உருளை. வருகிற புலத்தை முதலில் அது தன் உடம்பில் வாங்கி ஓரமாகத் திருப்பிவிடும். மிச்சம் மீதியை மீக்கடத்தி பார்த்துக்கொள்ளும். தனித்தனியாக நின்றால் இரண்டுமே சுமார்தான். நைட்ரஜன் முழுக்கச் சுவருக்குள்ளேயே அடைந்து கிடப்பதால், நடுவில் இருக்கும் துவாரம் சாதாரண அறைச் சூட்டில் இருக்கும். முழங்கை வரை ஒரு கையைத் தாராளமாக உள்ளே விடலாம்.

கை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் எதெலா வார்கோவா என்று ஒரு நரம்பு மருத்துவர் இருந்தாள். தசை வலுவிழந்த குழந்தைகளைச் சோதிக்க வேண்டுமென்றால் தசைக்குள் ஊசியைக் குத்தித்தான் பார்க்கவேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு இடத்தில் குத்தினால் போதாது. "நான் உள்ள வந்தாலே மேசைக்கு அடியில ஒளிஞ்சுக்குதுங்க. நாயப் பாத்த பூனை மாதிரி," என்று அவள் யார்மிலாவிடம் முதல் சந்திப்பிலேயே சொன்னாள். தசை சுருங்கும்போது மிக மிகச் சிறிய காந்தப்புலம் ஒன்று எழும். அதைத் தோலுக்கு வெளியிலிருந்தே அளக்கக்கூடிய உணர்கருவி இப்போது உண்டு. ஆனால் தெருவில் டிராம் போனாலே, ஏன், பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை நகர்த்தினாலே, அந்தச் சின்னப் புலம் அதில் மூழ்கிப்போகும். கவசம் வேண்டும். அதைத்தான் யார்மிலா செய்துகொண்டிருந்தாள். நன்றாகவே செய்திருந்தாள். அதை அவளே சொல்லிக்கொள்வாள், வெட்கமில்லாமல்.

கல்வித்துறைத் துணை அமைச்சர் நிறுவனத்துக்கு வருகிறார் என்ற செய்தி வந்ததும் ஹ்ருஷ்காவின் நடையே மாறிப்போயிற்று. காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார். கடைசியில் கவசத்தின் முன் நின்று, குதிரைச் சந்தையில் நிற்பவர் மாதிரி தலையை ஆட்டினார். யார்மிலாவும் எதெலாவை அழைத்திருந்தாள். வேலை முடிந்துவிட்டது, வந்து பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு எடுத்துப் போகும் நாளைச் சொல்லுங்கள் என்று.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மதியம் அவள் பட்டறைக்குப் போனாள். அங்கே கடைசல் வேலை பார்க்கிற இம்ரோ, அவளுடைய இரும்பு உருளையை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். உருளையின் நெற்றியில் நிறுவனத்தின் சின்னமும், அதற்குக் கீழே இயக்குநரின் பெயரும் ஆழமாகப் பதிந்திருந்தன. பட்டங்கள் உட்பட.

"என்ன இம்ரோ இது?"

"சின்னம். நல்லா விழுந்திருக்குல்ல?"

"எதால குத்துன?"

"முத்திரையும் சுத்தியலும்தான். வேற எதால குத்துவாங்க?"

யார்மிலா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"சூளையில வச்சுப் பதமாக்கி எடுத்த உருளை. ஒருதடவ கீழ விழுந்தாலே கெட்டுப்போகும்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். நீதான் பத்துத் தடவ கத்தியிருக்கியே. அவருகிட்டயும் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"இரும்பு என்ன முட்டையான்னு கேட்டாரு."

அந்த மாதிரி இரும்பு முட்டையைவிட மோசம். பதமாக்கிய பிறகு அடித்தாலோ வளைத்தாலோ, காந்தப்புலத்தை இழுத்துத் திருப்புகிற குணம் அதைவிட்டுப் போய்விடும். மறுபடி ஹைட்ரஜன் சூளைக்குள் வைத்து மெல்ல மெல்லச் சூடாக்கி, மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரத்துக்கு ஆகிற காரியம் இல்லை.

அவள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். ஹ்ருஷ்கா கண்ணாடி முன் நின்று உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா! சின்னத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நிகழ்ச்சிய ஒத்திப் போடுங்க."

"துணை அமைச்சர ஒத்திப் போடறதா? நீங்க என்ன, பல் டாக்டர்கிட்ட தேதி மாத்தற மாதிரி பேசறீங்க?"

"உருளை செத்துப்போச்சு. சுத்தியலால அடிச்சுக் கொன்னுட்டீங்க."

"நல்லாத்தான இருக்கு? முன்னாடிதான் தகர டப்பா மாதிரி இருந்துச்சு."

"முன்னாடி பாக்கறதுக்குத் தகர டப்பா. இப்ப வேலையிலயும் தகர டப்பா."

ஹ்ருஷ்கா கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு என்ன ஆகும்? அதச் சொல்லுங்க."

"நீங்க ஆசைப்படற அளவுக்குப் பெரிய புலத்தப் போட்டா, மீக்கடத்தி தனியா தாங்காது. உள்ள இருக்கற உணர்கருவி எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும். எண் விறுவிறுன்னு ஏறும்."

"எண் ஏறாம இருக்க என்ன வழி?"

"மின்சாரத்த நிறுத்திட்டு எல்லாரும் சாப்பிடப் போகலாம்."

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். ஹ்ருஷ்கா யோசிப்பதை யார்மிலா அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் காலையில் அரங்கத்து மேசையில் சிவப்பு விரிப்பு போட்டிருந்தார்கள். அதன் மேல் பெரிய கம்பிச்சுருள், சுருளுக்குள் வழுக்குத் தண்டவாளத்தில் கவசம், அதன் நடுவில் மரக்கோலில் கட்டிய உணர்கருவி. பக்கத்தில், கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய எண் பலகை. ஹ்ருஷ்கா, அங்கி சகிதம், அவள் காதருகே வந்து குனிந்தார்.

"பின்னாடி ஒரு கம்பி கொஞ்சம் தளர்வா இருக்கு. அத அப்படியே விட்டுடுங்க."

அவர் நகர்ந்ததும் யார்மிலா விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். உணர்கருவியிலிருந்து எண் பலகைக்குப் போகும் கம்பி கழன்று தரையில் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. எண் பலகை பூஜ்யம் காட்டியது. காட்டாமல்? அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே.

குனிந்து மாட்டிவிடலாம். ஒரு நிமிஷ வேலை. அவள் மாட்டவில்லை. வேறொரு யோசனை வந்துவிட்டது. கயிற்றை அவரே திரித்திருக்கிறார், கழுத்தையும் அவரே நீட்டட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

துணை அமைச்சர் வந்தார். கொழுத்த, சிரித்த முகம். கூட வந்தவர்களும் அவர் சிரிக்கும்போதெல்லாம் சிரித்தார்கள். நிறுவனத்து ஆட்கள் பின்வரிசைகளை நிரப்பினார்கள். எதெலா இரண்டாவது வரிசையின் ஓரத்தில், மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த, எலும்பும் தோலுமான பெண். எங்கே போனாலும் அடுத்த டிராமைப் பிடிக்கப் போகிறவள் மாதிரியே இருப்பாள்.

ஹ்ருஷ்கா பேசினார். காந்தத்துக்கே கண்ணைக் கட்டிவிட்டோம் என்றார். சின்ன நாடு, பெரிய மூளை என்றார். பிறகு ஒரு கொத்துச் சாவியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சுருளில் மின்சாரத்தை ஏற்றச் சொன்னார். யார்மிலா குமிழைத் திருப்பினாள். சாவிக்கொத்து சுருளைப் பார்த்து ஆவேசமாகச் சாய்ந்தது. கூட்டம் 'ஓ' என்றது. எண் பலகையில் பூஜ்யம்.

"வெளியே புயல்! உள்ளே பூஜ்யம்!" என்றார் ஹ்ருஷ்கா. கைதட்டல்.

அப்போது யார்மிலா ஓர் அடி முன்னால் வந்தாள். "இப்ப கவசத்த வெளிய எடுக்கறேன்," என்றாள்.

ஹ்ருஷ்காவின் முகம் வெந்த முட்டைக்கோஸ் நிறத்துக்குப் போனது. அவர் கையை நீட்டுவதற்குள் அவள் கவசத்தைத் தண்டவாளத்தின் மேல் இழுத்து வெளியே வைத்துவிட்டாள். கம்பிச்சுருளுக்கு நடுவே, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், புயலுக்கு நட்ட நடுவில், அம்மணமாக நின்றது உணர்கருவி.

எண் பலகையில் பூஜ்யம்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். காத்திருந்தாள். பள்ளிக்கூடப் பையன் கூட எழுந்து கேட்பான். இயற்பியல் படித்தவர்கள் மட்டும் அந்த அறையில் ஒரு டிராமை நிரப்புகிற அளவுக்கு இருந்தார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார். ஒருவர் அலைபேசியில் படம் எடுத்தார்.

முதலில் கைதட்டியவர் துணை அமைச்சர்தான்.

"அபாரம்! வெளிய எடுத்த பிறகும் வேலை செய்யுதே!"

அரங்கம் அதிர்ந்தது. முதல் கைதட்டலைவிட இது பலமாக இருந்தது. ஹ்ருஷ்காவுக்கு ரத்தம் திரும்ப வந்தது. குனிந்து வணக்கம் சொன்னார். யாரோ ஒரு பெண் யார்மிலாவின் கையில் பூங்கொத்தைத் திணித்தாள். அவள் அதை வாங்கிக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் அசடு வழிய மலர்ந்திருந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு முட்டியது. இத்தனை வருஷமாக இவர்களைப் பற்றி அவள் நினைத்ததெல்லாம் சரிதான். அதைவிடவும் சரி.

இரண்டாவது வரிசை ஓரம் காலியாக இருந்தது.

படிக்கட்டின் அடியில்தான் எதெலாவைப் பிடிக்க முடிந்தது. கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், நில்லுங்க. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க, இல்ல?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? செத்தவன் கையில நாடி பாத்தா ஒண்ணும் இருக்காது. அதுக்குப் பேரு அமைதி இல்ல."

"அதத்தான் நான் எடுத்துக் காட்டினேன்! வேணும்னேதான் வெளிய இழுத்தேன். இந்த மரமண்டைங்களுக்கு—"

"யாருக்குக் காட்டினீங்க?"

யார்மிலா தலையால் மேலே அரங்கத்தைக் காட்டினாள்.

"உங்களுக்குக் காட்டிக்கிட்டீங்க," என்றாள் எதெலா. "அவரு பொய் சொன்னாரு. பதவிக்காகச் சொன்னாரு, சரி, அற்பம். நீங்க அந்தப் பொய்க்குப் பக்கத்துலயே நின்னு, யாருக்குப் புரியுதுன்னு வேடிக்கை பாத்தீங்க. பூவும் வாங்கிக்கிட்டீங்க."

யார்மிலா அப்போதுதான் கையைப் பார்த்தாள். பூங்கொத்து இன்னும் அங்கேயே இருந்தது.

"கம்பி கழண்டிருக்குன்னு ரெண்டு வார்த்தை. உங்களால சொல்ல முடியல. ஏன்னா சொன்னா வேடிக்கை முடிஞ்சுடும். நாளைக்கு என் குழந்தைங்க கையை உங்க குழல்ல விடச் சொல்றீங்களே, அந்த எண்ணை நான் எப்படி நம்பறது? உங்களுக்கு அன்னைக்கும் யாரையாவது கேலி பண்ணணும்னு தோணிட்டா?"

பதிலுக்குக் காத்திராமல் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

யார்மிலாவை அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. பேச முயன்றவர்களையெல்லாம் அவள் முந்திக்கொண்டு பேசிவிடுவாள். முதலில் கோபம் வந்தது. நடக்க நடக்க அந்தக் கோபத்துக்குப் போய்ச் சேர இடம் கிடைக்கவில்லை. பூங்கொத்தைக் காவலாளியின் மேசையில் போட்டுவிட்டுத் திரும்ப மேலே ஏறினாள்.

மேலே விருந்து நடந்துகொண்டிருந்தது. பன்றித் தொடைக்கறியும் முட்டையும் அடுக்கிய ரொட்டித் துண்டுகள் தட்டுத் தட்டாக இருந்தன. துணை அமைச்சர் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் ஸ்லிவோவித்சா என்ற பிளம் சாராயக் கோப்பையுமாக நின்றார். ஹ்ருஷ்கா அவர் தோளோடு ஒட்டி நின்றார்.

"ஐயா," என்றாள் யார்மிலா, சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நீங்க பாத்தது பொய். எண் பலகைக்குப் போற கம்பி கழண்டிருந்துச்சு. அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தமே இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம விட்டது என் தப்பு."

ஒரு கணம் யாரும் மெல்லவில்லை. பிறகு துணை அமைச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அம்மா, பூஜ்யம்னா நல்லதா கெட்டதான்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்! நீங்க போய்க் கம்பியப் பத்திச் சொல்றீங்க. சாவி ஆடுச்சே, அது நிஜம்தானே?"

"சாவி நிஜம்."

"அது போதும். அருமையா இருந்துச்சு."

"டாக்டர் ராய்தாரொவாவுக்கு நகைச்சுவை உணர்ச்சி ஜாஸ்தி," என்றார் ஹ்ருஷ்கா, ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தியபடி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இயற்பியல் படித்த இரண்டு பேர் மட்டும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஆக, அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அவளை மாதிரியே அவர்களும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அந்த எண்ணம்தான் யார்மிலாவை எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்தியது. முட்டாள்கள் என்று அவள் ஒதுக்கிய வரிசையில் பாதிப் பேர் முட்டாள்களே இல்லை. அவள் ஜாதி.

அந்த வருஷ வசந்தத்திலேயே ஹ்ருஷ்கா அமைச்சகத்துக்கு ஆலோசகராகப் போய்விட்டார். தகுதியான இடம்தான், அங்கே கருவிகளே கிடையாது.

யார்மிலா உருளையைச் சூளையில் வைத்தாள். தன் முறைக்காக நிற்க வேண்டியிருந்தது. நின்றாள். சின்னமும் பெயரும் போகவில்லை, ஆனால் இரும்புக்குப் பழைய குணம் திரும்பிவிட்டது. எதெலாவுக்குத் தொலைபேசி செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். டாக்டர் வேலையாக இருக்கிறார் என்று வேறு யாரோ சொன்னார்கள். கடைசியில் ஒரு நாள் காலை கவசத்தையும் நைட்ரஜன் கலத்தையும் இம்ரோவின் பழைய ஸ்கோடாவில் ஏற்றி, கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். குளிரில் இம்ரோவின் பல் தந்தியடித்தது.

"கண்ணாடிய ஏத்திக்கவா?"

"ஏத்து. நைட்ரஜன் கசிஞ்சா வலியில்லாம செத்துடலாம்."

"உன்கூட வேலை பாக்கறதுக்கு அது பரவாயில்ல," என்றான் இம்ரோ. ஆனால் ஏற்றவில்லை.

எதெலா அவர்களைத் தாழ்வாரத்தில் காத்திருக்க வைத்தாள். நோயாளிகள் எல்லோரும் போன பிறகு வந்து நின்று, கவசத்தையும் அதன் நெற்றியில் இருந்த பெயரையும் பார்த்தாள்.

"இவரு எதுக்கு இங்க?"

"தேச்சா மறுபடி இரும்பு கெட்டுடும். அதனால தூக்கிட்டுத்தான் திரியணும்," என்றாள் யார்மிலா. "நான் எதையும் தொடமாட்டேன், டாக்டர். எல்லாம் நீங்களே மாட்டுங்க. நான் சொல்ல மட்டும் சொல்றேன்."

எதெலா கைகளைக் கழுவிக்கொண்டு வந்தாள். அந்தத் தளத்தின் கோடி அறையைத் திறந்துவிட்டாள். இம்ரோவின் சாவியும் அலைபேசியும் வெளியே போயின. குளிரும்போது பக்கத்தில் காந்தம் ஏதாவது இருந்தால் மீக்கடத்தி அதன் புலத்தையும் சேர்த்து உள்ளே பூட்டிக்கொள்ளும் என்று யார்மிலா சொன்னாள். நைட்ரஜன் கொதித்து அடங்கியது. எதெலா தன் கையாலேயே கம்பியை மாட்டினாள். எண் பலகை நடுங்கியது. ஒரு சின்ன எண், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன் ஆடுது?"

"சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் இருக்கு. முழுசா தடுக்க முடியல. இன்னும் வேலை பண்ணணும்."

"அன்னைக்கு ஆடலையே."

"அன்னைக்கு உயிரில்ல."

எதெலா கம்பியைக் கழற்றினாள். பூஜ்யம். மாட்டினாள். ஆடியது. கவசத்தை வெளியே இழுத்தாள். எண் பலகை பைத்தியம் பிடித்த மாதிரி தாவியது. திரும்ப உள்ளே தள்ளினாள். அடங்கியது. சொன்ன எதையும் நம்பாத பெண் என்பது அவள் விரல்களிலேயே தெரிந்தது. ஒவ்வொன்றையும் மறுபடி மறுபடி செய்து பார்த்தாள். யார்மிலா வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் முறை என்று இம்ரோ பிற்பாடு பட்டறையில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியில் எதெலா சட்டைக் கையை மடித்துவிட்டு, தன் கையைக் குழலுக்குள் விட்டாள். நரம்பு தெரிகிற, மெலிந்த கை. விரல்களைத் தளரவிட்டாள். பிறகு முஷ்டியை இறுக்கினாள். எண் பலகைக்குப் பக்கத்திலிருந்த திரையில் நேர்கோடாகப் போய்க்கொண்டிருந்த பச்சை வரி, புல்வெளியில் காற்று புகுந்த மாதிரி சிலிர்த்து எழுந்தது. தளரவிட்டாள், படுத்துக்கொண்டது. இறுக்கினாள், எழுந்தது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை, மேசைக்கு அடியில் ஒளியவேண்டிய அவசியம் இல்லை.

எதெலா வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

யார்மிலாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இவ்வளவு பலமா முறுக்கறீங்களே, யாரை அடிக்க நெனச்சு?"

"உங்க இயக்குநரத்தான் நெனச்சு ஆரம்பிச்சேன்," என்றாள் எதெலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாதியில நீ வந்துட்ட."

அவள் தன்னை 'நீ' என்று சொன்னதை யார்மிலா கவனித்தாள். அந்த ஊரில் அது வயதில் மூத்தவர்கள் கொடுத்தால்தான் கிடைக்கும்.

"லிஃப்ட்டுக்கு ஒரு வழி பண்ணு," என்றாள் எதெலா. "அடுத்த வாரம் ஒரு பையன் வர்றான், மூணு வயசு. என்னைப் பாத்தாலே கடிப்பான். அவன் கைக்கு இந்தத் துவாரம் பெருசு. உள்ள பஞ்சு வச்சு மெத்துனு பண்ணிட்டு வா."

"என்ன நிறத்துல வைக்கட்டும்?" என்று கேட்டது இம்ரோ.

கேட்கிற கேள்வியா இது என்பது போல இரண்டு பெண்களும் அவனைப் பார்த்த பார்வையில், அவன் தன் சாவியை எடுத்துக்கொண்டு காரைத் திறக்கப் போய்விட்டான்.